1988 காவியா: இரண்டாவதாக வந்தவரின் பெயரில் ஏன் அந்த மலை?

மலையேறி எழுதியது:

ஜூன் முதல் வாரம் வந்துவிட்டால் எனக்கு வேறு பந்தயம் நினைவுக்கு வராது. 1988 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் மூன்று வாரச் சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவின் 14ஆவது ஸ்டேஜ், அதாவது 14ஆவது நாள் ஓட்டம். கியேசா இன் வால்மலென்கோவில் புறப்பட்டு, அப்ரிகாவைத் தாண்டி, காவியா கணவாய் ஏறி, போர்மியோவில் இறங்க வேண்டும். மொத்தமே 120 கிலோமீட்டர்தான். ஜிரோவின் மலை நாட்களில் இது குட்டி ஸ்டேஜ். ஆனால் காவியாவின் உச்சி 2600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அன்று அடிவாரத்தில் மழை, மேலே பனி. அந்த உச்சிக்கு ஏறும் சாலையின் பெரும்பகுதி அப்போது தார் போடாத மண் சாலை.

அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்றைக்கு, ஒட்டுமொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடும் பிங்க் ஜெர்சியை எடுத்துக்கொண்டார். கடைசி நாள்வரை அதை விடவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து ஜிரோவை வென்ற முதல் ஆள் அவர்தான். அவருக்குப் பிறகு வேறு அமெரிக்கர் யாரும் வென்றதில்லை.

இதெல்லாம் பலருக்கும் தெரியும். நான் இழை தொடங்கியது வேறு காரணத்துக்காக. அந்த ஸ்டேஜை வென்றவர் ஹாம்ப்ஸ்டன் இல்லை. நெதர்லாந்தின் எரிக் பிரூகிங்க் 7 விநாடி முன்னால் கோட்டைத் தொட்டார். உச்சியை முதலில் கடந்தவரும் ஹாம்ப்ஸ்டன் இல்லை, இன்னொரு நெதர்லாந்துக்காரரான யோஹான் வான் டெர் வெல்டே. அப்படியிருந்தும் "காவியா" என்றாலே நாம் எல்லோரும் ஹாம்ப்ஸ்டன் என்கிறோம். இது சரிதானா? பழைய ஆட்கள் நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள்.

---

ரோஜாச்சட்டை எழுதியது:

சரிதான் என்பேன் அண்ணா. ஒட்டுமொத்த நேரக் கணக்கில் அன்று முதலிடம் வந்தது அவருக்குத்தான். காலையில் பிங்க் ஜெர்சி ஃபிராங்கோ கியோச்சோலியின் உடம்பில் இருந்தது. மாலையில் ஹாம்ப்ஸ்டன் போட்டிருந்தார். பிரூகிங்க், ஹாம்ப்ஸ்டன் இருவருக்கும் பின்னால் மூன்றாவதாக வந்த ஸ்டெஃபானோ தொமசினி நான்கு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். அதாவது இரண்டே பேர் ஒரு பந்தயம் ஓட்டினார்கள், மற்றவர்கள் உயிரோடு கீழே வந்து சேரப் பார்த்தார்கள்.

இன்னொன்று. ஹாம்ப்ஸ்டன் மேலே ஏறும்போதே எல்லோரையும் பிரித்துவிட்டார். மண் சாலை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தாக்குதலைத் தொடங்கினார். முன்னால் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த வான் டெர் வெல்டேயைத் தவிர மற்ற எல்லோரையும் கழற்றிவிட்டுத்தான் உச்சிக்கு வந்தார். பிரூகிங்க் அவரைப் பிடித்தது இறக்கத்தில், போர்மியோவை நெருங்கும்போது. அந்த ஏற்றத்தில் பந்தயத்தை உடைத்தவர் பெயரில்தானே மலை நிற்க வேண்டும்?

அவர் எங்கிருந்தோ திடீரென்று வந்தவரும் கிடையாது. 1985இல் புதுமுகமாக ஜிரோவுக்கு வந்து ஒரு மலை ஸ்டேஜ் வென்றார். 1986இலும் 1987இலும் டூர் டி சுவிஸ் அவருக்கு. 1986 டூர் டி பிரான்ஸில் நான்காம் இடம். அந்த 88 ஜிரோவிலேயே காவியாவுக்கு இரண்டு நாள் முன்பு செல்வினோ ஏற்றத்தில் வென்றிருந்தார். பிறகு லெவிகோவிலிருந்து வெத்ரியோலோவுக்கு ஏறும் தனிநபர் நேரப் பந்தயத்தையும் வென்றார். பனி இல்லாவிட்டாலும் அவர்தான் அந்த ஜிரோவில் நல்ல ஏற்றக்காரர்.

---

கியர்க்காரன் எழுதியது:

நண்பர்களே, ஏற்றம் ஏற்றம் என்று பேசுகிறீர்கள். காவியாவிலிருந்து போர்மியோவுக்கு இறக்கம் சுமார் 25 கிலோமீட்டர். முதல் பாதி சாண்டா கத்தரினா வரை செங்குத்து, வளைவு. அன்று முடிவானது அங்கேதான்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. ஹாம்ப்ஸ்டன் ஓட்டிய சட்டத்தில் ஹஃபி என்று எழுதியிருக்கும். ஹஃபி என்பது அமெரிக்காவில் சிறுவர்களுக்கான சாதாரண சைக்கிள் விற்கும் கம்பெனி. ஸ்பான்சருக்காக அந்தப் பெயர். உண்மையில் அதைக் கையால் செய்தவர் ஜான் ஸ்லாவ்டா என்ற கைவினைஞர். கியர் ஜப்பானின் ஷிமானோ டியூரா-ஏஸ். ஷிமானோவுக்கு மூன்று வாரப் பெரும் பந்தயம் ஒன்றில் கிடைத்த முதல் வெற்றி அந்த ஜிரோதான். இத்தாலியக் கியர் கம்பெனியான காம்பக்னோலோவின் சொந்த வீட்டுக்குள் போய் எடுத்த வெற்றி.

ஆனால் அந்த இறக்கத்தில் கியர் எந்த பிராண்டாக இருந்தாலும் ஒன்றுதான். ஈரப்பனி பின்பக்கப் பற்சக்கரங்களுக்கு நடுவே புகுந்து உறைந்துவிடும். கியர் மாற்றும் டிரெய்லியர் நகராது. ஹாம்ப்ஸ்டன் பின்னாளில் சொன்னது இதுதான்: ஒரே கியரில்தான் இறங்கினார். அது உறைந்து பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சரிவிலும் மிதித்துக்கொண்டே வந்தார். சரிவில் மிதிப்பது எவ்வளவு வேகத்தைக் கூட்டும், எவ்வளவு ஆபத்து என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். பிரேக்கோ அலுமினிய விளிம்பை ரப்பர் கட்டையால் பிடிக்கும் பழைய வகை. ஈரம் பட்டால் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. இன்றைய டிஸ்க் பிரேக் ஓட்டுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம்.

---

தொடக்கநிலை எழுதியது:

வணக்கம். நான் இரண்டு வருடமாகத்தான் சைக்கிள் பந்தயம் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். எல்லோருக்கும் ஒரே பனி, ஒரே மலை. ஹாம்ப்ஸ்டனுக்கு மட்டும் எப்படித் தாங்கியது? உடல்வாகா? அவர் குளிர்ப் பிரதேசத்து ஆள் என்று எங்கோ படித்தேன்.

---

மலையேறி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அவர் வளர்ந்தது வட டக்கோட்டாவில். அமெரிக்காவிலேயே கடும் குளிர்காலம் உள்ள மாநிலங்களில் ஒன்று. அது உதவியிருக்கலாம். ஆனால் உண்மையான பதில் கையுறை.

அன்று காலை ஹோட்டலில் எழுந்ததும் ஹாம்ப்ஸ்டனின் அணியான செவன்-இலெவனின் ஆட்கள் வெளியே பார்த்தார்கள். அணியின் இயக்குநர் மைக் நீல், மேலாளர் ஜிம் ஓகோவிச். இருவரும் உடனே செய்த காரியம், பக்கத்தில் இருந்த பனிச்சறுக்குக் கடைகளுக்கு ஆள் அனுப்பிக் கிடைத்த கம்பளித் தொப்பி, கையுறை, கழுத்துப்பட்டை எல்லாவற்றையும் வாங்கியதுதான். வீரர்கள் உடம்பெல்லாம் லானோலின் பூசிக்கொண்டார்கள், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு அது. கனமான நியோபிரீன் கையுறையை ஹாம்ப்ஸ்டன் ஏற்றத்திலேயே போட்டுக்கொண்டார். உச்சிக்குப் பக்கத்தில் அணியின் ஆள் ஒருவர் உலர்ந்த மேல்சட்டையோடும் சூடான தேநீரோடும் நின்றார்.

இத்தாலிய அணிகள் பலவற்றுக்கு அப்படி யோசனையே வரவில்லை. "நாங்கள் தொழில்முறை வீரர்கள், மழையும் பனியும் புதிதா" என்ற மனநிலை. அமெரிக்கர்களுக்கு அந்தப் பழைய பெருமை இல்லை. எது தேவையோ அதைக் கடையில் வாங்கினார்கள். அந்த ஜிரோவின் விதி காலை உணவு நேரத்தில் ஒரு கடையில் தீர்மானமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு தகவலும் சேர்த்துச் சொல்கிறேன். 1966 ஜிரோவை வென்ற ஜியான்னி மோத்தா அந்த அமெரிக்கர்களுக்கு நண்பர். காவியாதான் உங்களுக்கான இடம் என்று அவர்களுக்கு முன்பே எடுத்துச் சொல்லியிருந்தார். 1960க்குப் பிறகு அந்த மலை ஜிரோவுக்கு வரவேயில்லை. 28 ஆண்டு இடைவெளி. வீரர்கள் பலருக்கும் அது எப்படிப்பட்ட சாலை என்றே தெரியாது.

---

வெண்பனி எழுதியது:

நான் மருத்துவராக இருக்கிறேன். ரொம்ப நாளாக இந்தத் தளத்தில் வாசிக்க மட்டும் செய்கிறேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏறும்போது ஒரு வீரரின் கால்கள் 300 வாட் சக்தியைச் சக்கரத்துக்குக் கொடுத்தால், உடம்புக்குள் கிட்டத்தட்ட 1000 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு சின்ன ஹீட்டர் அளவு. அதனால்தான் பனியிலும் அரைக்கைச் சட்டையோடு ஏற முடிகிறது. வேகமும் குறைவு, காற்று அடிப்பதில்லை. "நன்றாகத்தானே இருக்கிறது" என்று உடம்பு சொல்லும்.

உச்சியைத் தாண்டிய அடுத்த நிமிடம் எல்லாம் தலைகீழ். மிதிப்பது நிற்கிறது, ஹீட்டர் அணைகிறது. சட்டை வியர்வையாலும் பனியாலும் தொப்பலாக நனைந்திருக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். வெளியே 0 டிகிரி என்றே வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது மைனஸ் 9 போல இருக்கும். முதலில் போவது விரல்கள். விரல் போனால் பிரேக் போயிற்று. உள்ளுடம்பின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கம் கட்டுக்கு அடங்காது, அப்புறம் யோசனையே தடுமாறும். எங்கே இருக்கிறோம், எதற்கு ஓட்டுகிறோம் என்பதே மங்கும்.

ஆகவே மலையேறி அண்ணா சொல்லும் கையுறை விஷயம் மிகச் சரி. கையைக் காப்பாற்றியவரால் பிரேக் பிடிக்க முடிந்தது. பிரேக் பிடிக்க முடிந்ததால் சாலையில் இருந்தார்.

ஹாம்ப்ஸ்டன் சொன்ன இரண்டு விஷயங்கள் ஒரு மருத்துவராக என்னை உலுக்கின. ஏறும்போது தலைமுடியில் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தாராம், ஒரு பனி உருண்டை முதுகில் உருண்டு விழுந்ததாம். தலை நனைந்ததுகூடத் தெரியாத அளவுக்கு அவர் உழைத்துக்கொண்டிருந்தார். இறக்கத்தில் ஒருமுறை குனிந்து காலைப் பார்த்தார். தோல் நெருப்புச் சிவப்பு, முன்னங்கால் எலும்பின் மேல் பனிக்கட்டி ஓடு. இனி அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தார். அந்த முடிவு சரியானது. பார்த்திருந்தால் நின்றிருப்பார்.

---

சூரிக்வாசி எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிசுக்கு வந்தவன். 88 ஜூனில் ஒரு அகதிகள் விடுதியில் இருந்தேன், ஏழெட்டுப் பேர் ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால். அன்று இரவு செய்தியில் அந்தக் காட்சிகள் வந்தன. மொழி அவ்வளவாக விளங்கவில்லை. வெள்ளை வெள்ளையாக ஒரு சாலை, அதில் சைக்கிளில் ஆட்கள், முகமெல்லாம் பனி. எங்களில் ஒருவர் இது பழைய மாரிகாலப் படம் என்று அடித்துச் சொன்னார். ஜூன் மாதத்தில் இப்படிப் பனி விழும் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குச் சைக்கிள் என்றால் பள்ளிக்குப் போக, மூட்டை கட்ட, பின்னால் ஆளை ஏற்ற. ஒருவன் இந்தக் குளிரில் விரும்பி ஏறி மலை கடக்கிறான் என்பது நம்ப முடியாததாக இருந்தது.

அடுத்த நாள் வேலைக்குப் போன இடத்தில் சுவிஸ்காரர் ஒருவரிடம் கேட்டேன். அவர் முழுக் கதையும் கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினார். அவருக்கு ஹாம்ப்ஸ்டனைவிட உர்ஸ் சிம்மர்மானில்தான் அக்கறை, தங்கள் ஆள் என்று. அந்த ஜிரோவில் சிம்மர்மான் கடைசியில் மூன்றாம் இடம். அந்த ஒரு கதையால்தான் எனக்கும் அந்த மனுசனுக்கும் நட்பு வந்தது. என் முதல் பந்தயச் சைக்கிளும் அவர் கொடுத்த பழையதுதான்.

பிறகு, 40 வயது தாண்டி, நானே காவியா ஏறினேன். போன்தே தி லேன்யோ பக்கத்திலிருந்து. உச்சிவரை 17 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, ஏறும் உயரம் சுமார் 1360 மீட்டர். முதலில் அகலமான சாலை, நம்பிக்கை வரும். சாண்ட் அப்போலோனியா தாண்டியதும் சாலை ஒடுங்கி ஒரு வண்டிப் பாதை ஆகிவிடும். காட்டுக்குள் வளைவுகள், ஓரிடத்தில் 16 சதவீதச் சாய்வு. இப்போது முழுக்கத் தார். மேலே ஒரு இருட்டுக் குகைப்பாதை இருக்கிறது, விளக்கு இல்லாமல் போகாதீர்கள். அதைத் தாண்டினால் உச்சி தெரியும், ஆனால் சரியான தூரம். நான் போனது நல்ல வெயில் நாள். அப்படியிருந்தும் மேலே காற்று பல்லை நடுக்கியது. உச்சியில் ரிஃபூஜியோ பொனெத்தா என்ற விடுதி. உள்ளே சூடான சொக்லேட்டும் பழைய பந்தயப் படங்களும். நான் அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று, 88இல் விடுதியில் பக்கத்தில் இருந்தவர்களை நினைத்தேன். இரண்டு பேர் இப்போது இல்லை.

---

ரோஜாச்சட்டை எழுதியது:

சூரிக்வாசி ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

ஒரு கசப்பான கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஸ்டேஜ் நடந்திருக்கவே வேண்டுமா? ஜிரோவை நடத்திய இயக்குநர் வின்செஞ்சோ தோரியானிக்கு மேலே பனி கொட்டுகிறது என்று தெரியும். சாலையைச் சுத்தம் செய்தாயிற்று, போகலாம் என்று அனுப்பினார். அடுத்த நாள் ஸ்டெல்வியோ கணவாய் வழியாகப் போக வேண்டியது. அதை விட்டுவிட்டார்கள். ஒரு நாள் ஆபத்து என்றால் முந்தின நாள் ஆபத்து இல்லையா?

தோரியானியைப் பற்றி இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1984இல் பனி என்று சொல்லி ஸ்டெல்வியோவை எடுத்துவிட்டார். அது இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ மொசரைக் காப்பாற்றவே என்று அவருடைய பிரெஞ்சுப் போட்டியாளர் லோரான் ஃபின்யோன் தரப்பு கொதித்தது. மலை இருந்தால் ஃபின்யோன் ஜெயித்திருப்பார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். நான்கு ஆண்டு கழித்து, இந்தத் தடவை மலையை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாரோ என்று எனக்குத் தோன்றும். அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்று நாம் பார்க்க முடியாது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களின் விரல்களை வைத்து ஆடிய ஆட்டம் அது.

---

மலையேறி எழுதியது:

ரோஜா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் மறுக்கிறேன். மலைப் பந்தயம் என்றால் மலை கொடுப்பதை வாங்கிக்கொள்வதும் சேர்ந்ததுதான்.

1956ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 8, மெரானோவிலிருந்து மோன்தே பொந்தோனே. லக்சம்பர்க்கின் ஷார்லி கோல் 16 நிமிடத்துக்கும் மேல் பின்தங்கி இருந்தவர். அந்த ஒரே நாள் பனிப்புயலில் எல்லோரையும் தாண்டிப் பிங்க் ஜெர்சியே எடுத்தார். கடைசியில் ஜிரோவையும் வென்றார். முறிந்த காறை எலும்போடு ஓட்டிய பியோரென்சோ மாக்னி இரண்டாம் இடம். அந்த நாளை நிறுத்தியிருந்தால் கோல் என்ற பெயரே வேறு மாதிரி நினைவில் இருந்திருக்கும். சுவாரசியம் என்னவென்றால், 1960இல் ஜிரோ முதன்முதலாகக் காவியாவுக்குப் போனபோது ஸ்டேஜை வென்றவரும் அதே கோல்தான். உச்சியை முதலில் கடந்த இமேரியோ மாசின்யானுக்கு இறக்கத்தில் பஞ்சர்.

மேலே முதல் ஆள், கீழே வேறொருவர் வெற்றி. காவியா அப்போதே அதைச் சொல்லிவிட்டது.

---

வெண்பனி எழுதியது:

அண்ணா, கோல் ஜெயித்த கதையைச் சொல்கிறீர்கள். அன்று பொந்தோனேயில் வழியிலேயே நின்றுபோனவர்கள், மாட்டுக்கொட்டகையிலும் வீட்டிலும் ஒதுங்கியவர்கள் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாதனை ஒருவருக்கு, ஆபத்து எல்லோருக்கும். நான் சிகிச்சை தரும் இடத்தில் இருந்து பார்க்கிறேன், அதனால் என்னால் உங்கள் பக்கம் வர முடியாது.

2016இலிருந்து உலக சைக்கிள் சம்மேளனத்திடம் மோசமான வானிலைக்கு என்று தனி விதிமுறை இருக்கிறது. பனி, கடும் குளிர், கடும் வெயில் எதுவானாலும் வீரர்கள், அணிகள், மருத்துவர், நடத்துநர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். அது வந்ததே காவியா மாதிரி நாட்களின் பாடத்தால்தான் என்று நினைக்கிறேன். 2019இல் காவியாவைப் பனியால் பாதையிலிருந்து எடுத்தார்கள். ஸ்டேஜ் வேறு வழியில் நடந்தது. யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

---

கியர்க்காரன் எழுதியது:

நடுவில் 2014ஐ மறந்துவிட்டோம். மே 27. அதே காவியா, அடுத்து ஸ்டெல்வியோ, பிறகு வால் மார்தெல்லோ ஏற்றம். முந்தின ஆண்டு இதே மாதிரி திட்டமிட்ட ஸ்டேஜைப் பனியால் முழுக்க ரத்து செய்திருந்தார்கள். 2014இல் நடந்தது. ஸ்டெல்வியோ இறக்கத்தில் முன்னால் சிவப்புக் கொடியோடு மோட்டார் சைக்கிள் போகும், யாரும் தாண்டக் கூடாது என்று சில அணிகளுக்குப் புரிந்தது. சில அணிகளுக்கு அப்படிப் புரியவில்லை. நைரோ கின்டானா முன்னால் போய்விட்டார், ஸ்டேஜை வென்றார், ரிகோபெர்த்தோ ஊரானிடமிருந்து பிங்க் ஜெர்சியை எடுத்தார், ஜிரோவையும் வென்றார். இன்றுவரை சண்டை ஓயவில்லை.

எனக்கு அந்த நாளைப் பார்க்கும்போது 88 இன்னும் பெரிதாகத் தெரிகிறது. காதில் ரேடியோ இல்லாத காலம். யார் எங்கே, எவ்வளவு முன்னால் என்று யாருக்கும் தெரியாது. ஹாம்ப்ஸ்டன் தன் முன்னால் யார் இருக்கிறார், பின்னால் யார் வருகிறார் என்று அறியாமலே இறங்கினார்.

---

தொடக்கநிலை எழுதியது:

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒருவரைப் பற்றி மட்டும் யாரும் மேலே சொல்லவில்லை. உச்சியை முதலில் கடந்த வான் டெர் வெல்டே என்ன ஆனார்?

---

மலையேறி எழுதியது:

தம்பி, இந்த இழையை நான் தொடங்கியதே அவருக்காகத்தான். நீங்கள் கேட்கும்வரை காத்திருந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் அப்போது புள்ளிகளுக்கான ஊதா ஜெர்சியில் இருந்தார், சிக்ளமீனோ என்பார்கள்.  அன்று ஏனோ முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். ஒரு படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். அரைக்கைச் சட்டை. கையுறை இல்லை, தொப்பி இல்லை. வெறுங்கை இரண்டும் கைப்பிடியில். சுற்றிலும் வெள்ளை. வெண்பனி சொன்ன அந்த 1000 வாட் ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும் கடைசிச் சில நிமிடங்கள் அந்தப் படத்தில் இருக்கின்றன.

உச்சியை முதல் ஆளாகக் கடந்தார். இறக்கம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே உடம்பு நடுங்கி வண்டியைப் பிடிக்க முடியவில்லை. நின்றார். ஓரத்தில் நின்ற ஒரு கேம்பர் வேனுக்குள் போனார். உடை மாற்றி, சூடாகத் தேநீர் குடித்தார், கொஞ்சம் பிராந்தியும் குடித்தாராம். வெளியே ஒவ்வொருவராகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். போர்மியோவுக்கு வந்து சேர்ந்தபோது பிரூகிங்குக்கு 46 நிமிடத்துக்கும் மேல் பின்னால்.

பலரும் இதைத் தோல்விக் கதையாகச் சொல்வார்கள். முன்யோசனை இல்லாதவர், ஹாம்ப்ஸ்டனுக்கு எதிர் உதாரணம் என்று. நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் வேனுக்குள் போனார், சூடு ஏற்றிக்கொண்டார், திரும்ப வெளியே வந்து அதே வண்டியில் ஏறிக் கீழே வரை ஓட்டினார். அந்த இரண்டாவது கிளம்பலை யோசித்துப் பாருங்கள். எல்லாம் போய்விட்டது என்று தெரியும், உடம்பு அப்போதுதான் கதகதப்பாகியிருக்கிறது, கதவைத் திறந்தால் பனி. அப்புறமும் வெளியே வந்தார். அந்த ஜிரோவை முடித்தார். ஊதா ஜெர்சியைக் கடைசிவரை விடவில்லை, புள்ளிப் பட்டியலை அவர்தான் வென்றார்.

---

ரோஜாச்சட்டை எழுதியது:

அவர் அந்தப் பட்டியலை வென்றது எனக்குத் தெரியாது அண்ணா. 46 நிமிடம் மட்டும்தான் மனதில் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

அப்படியானால் பிரூகிங்குக்கும் ஒரு வரி. முந்தின ஆண்டு 1987 ஜிரோவில் ஸ்டீஃபன் ரோச், ராபர்ட் மில்லர், அடுத்து பிரூகிங்க் மூன்றாவது. 1988இல் ஹாம்ப்ஸ்டனுக்கு அடுத்து 1 நிமிடம் 43 விநாடி பின்னால் இரண்டாவது. காவியா அன்று மாலை இரண்டு பேருக்கும் இடையே வெறும் 15 விநாடிதான் வித்தியாசம். அந்த இறக்கத்தில் அவர் ஹாம்ப்ஸ்டனைப் பிடித்துத் தாண்டிய ஓட்டம், பெரிய ஏற்பாடு எதுவும் இல்லாமல் வந்த ஓட்டம், அதற்குத் தனியாக ஒரு இழை வேண்டும்.

---

வெண்பனி எழுதியது:

பிராந்தி பற்றி ஒரு சின்னக் குறிப்பு, பந்தயம் ஓட்டும் யாராவது இதைப் படித்துவிட்டுக் குடிக்கக் கூடாது என்பதற்காக. மது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடாக இருப்பது போல் தோன்றும், ஆனால் உள்வெப்பம் வேகமாக வெளியேறும். அவரைக் காப்பாற்றியது தேநீரும் உலர்ந்த துணியும் காற்றில்லாத அந்த வேனும்தான். அந்த வேன்காரர் யாரோ, கதவைத் திறந்தாரே.

---

தொடக்கநிலை எழுதியது:

படத்தைத் தேடிப் பார்த்துவிட்டேன். நேற்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு துணிகூட இல்லை. காணொளி ஏதாவது இருக்கிறதா?

---

கியர்க்காரன் எழுதியது:

இருக்கிறது தம்பி, துண்டு துண்டாக. மங்கல். பல இடத்தில் திரை முழுக்க வெள்ளை, நடுவில் ஒரு நிறப்புள்ளி நகரும், அதுதான் வீரர். ஹாம்ப்ஸ்டன் கண்ணாடியும் கறுப்புக் கையுறையும் போட்டு ஏறுவது ஒரு துண்டில் தெளிவாகத் தெரியும். முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகு அவர் முகத்தைக் கவனியுங்கள். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாது. காருக்குள் ஏற்றி ஹீட்டர் போட்ட பிறகு இரண்டும் மாறி மாறி வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிங்க் ஜெர்சி கிடைத்துவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் அவர் மண்டையில் ஏறியது.

---

சூரிக்வாசி எழுதியது:

தம்பி தொடக்கநிலை, நித்திரை வராதது நல்லதுதான். எனக்கும் 88இல் வரவில்லை.

ஜூன் கடைசியில் கணவாய் திறந்ததும் நான் மறுபடி போகிறேன், இந்த முறை மகளோடு. அவள் ஓட்டுவாள், நான் பின்னால் வருவேன். போன தடவை உச்சியில் படம் எடுத்துவிட்டு நேரே கீழே இறங்கிவிட்டேன். அந்த வேன் எங்கே நின்றது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. இந்த முறை ரிஃபூஜியோவில் வயதானவர்கள் யாராவது இருந்தால் விசாரிக்கிறேன். இடம் தெரிந்தால் அங்கே நின்று தேநீர் குடித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். மேல்சட்டையும் தடித்த கையுறையும் இரண்டு சோடி கொண்டுபோகிறேன், வெயில் அடித்தாலும்.